இரண்டு தடவை கேட்டால் தாளில் ஏற்று

புத்தூர் நாலு ரோட்டிலிருந்து வயலூர் ரோட்டில் சற்றுத் தூரம் போய் உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் திரும்பினால் ஒரு தெரு வரும். அங்கே ஒரு வீட்டு மொட்டை மாடியில்தான் 2017-இல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடினோம். முந்தின வருடம் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் தொடக்கத்தில் நான்கு பையன்கள் சுற்றி உட்கார்ந்து காய் உருட்டுவார்களே, அதே ஆட்டம். பலகையும் கட்டமும் அவசியமில்லை. ஒருவர் கதை நடக்கும் உலகத்தைச் சொல்வார், அவரை டி.எம். என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, “நான் இதைச் செய்கிறேன்” என்று வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வரும்போது மட்டும் இருபது முகக் காயை உருட்ட வேண்டும். குறித்த எண் வந்தால் முடிந்தது. வராவிட்டால் கதை வேறு பக்கம் திரும்பும்.

எங்கள் டி.எம். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஓர் அண்ணன். ஐந்தாம் பதிப்பின் தடித்த புத்தகங்கள் மூன்றையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அக்கா ஒருவர், பிஷப் ஹீபர் கல்லூரியில் படித்த இருவர், வீட்டுக்காரர் மகன், நான். நான் அப்போது தெப்பக்குளம் பக்கம் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தேன். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதணி விழா அழைப்பிதழ். அதனால் ஆட்டத்துக்கு வேண்டிய தாள், அட்டை எல்லாம் என் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது. ஆடியதைவிட அந்தத் தாள்களைச் செய்ததுதான் எனக்கு இன்றும் அதிகம் நினைவிருக்கிறது.

கதை அண்ணனுடையது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் செப்புக்குடம் ஒன்றைக் கொடுத்த செய்தி அந்தக் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. அவனுடைய ஆட்சியின் 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாள். அதாவது 1010. குடத்தின் எடை 3,083 பலம். அதன்மேல் போர்த்தும் பொன் 2,926½ கழஞ்சு. இவ்வளவும் கல்லில் உள்ளது. அந்தக் குடத்தை உறையூரில் வார்த்தார்கள் என்பதும், அதைக் காவிரிக் கரையோடு தஞ்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு எங்கள் ஐந்து பேருடையது என்பதும் அண்ணனின் கற்பனை. புத்தூரிலிருந்து உறையூர் நடக்கிற தூரம். வெக்காளியம்மன் கோயிலுக்கும் நாச்சியார் கோயிலுக்கும் போய்வந்த தெருக்களில் ஆயிரம் வருடம் முன்னால் ஒரு மாட்டுவண்டி கிளம்புகிறது என்று அவர் சொன்னபோது எங்களுக்கு வேறு வர்ணனை தேவைப்படவில்லை.

ஆட்டம் எங்கே சாகும் என்று இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. கல்லணை மேல் கொள்ளைக்கூட்டம் மறிக்கிறது. நர்ஸ் அக்காவின் பாத்திரம் மல்லச்சி.

“ஒருத்தன இடுப்போட சேத்துப் புடிச்சு அப்படியே தண்ணிக்குள்ள இழுத்துக்கிட்டு விழறேன்.”

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அண்ணன் புத்தகத்தை எடுத்தார். பிடிப்பதற்கு ஒரு விதி, தள்ளுவதற்கு ஒரு விதி, விழுவதற்கு ஒரு விதி. முதல் இரண்டும் ஓர் அத்தியாயத்தில், மூன்றாவது வேறோர் அத்தியாயத்தில். அவர் பக்கம் புரட்டப் புரட்ட ஒருவன் போனை எடுத்தான், இன்னொருவன் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போனான், கீழேயிருந்து டீ வந்தது. விதி கிடைத்தபோது கொள்ளைக்காரனைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. முந்நூறு பக்கத்துக்கு மேல் போகிற புத்தகம் அது. அதில் பதில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் ஓர் ஆறுதலும் இல்லை.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் அண்ணன் என்னிடம் ஒரு லாங் சைஸ் நோட்டைக் கொடுத்தார். “நீ தாள் செய்யறதுக்கு முன்னாடி இதுல எழுது. ஆட்டம் எங்கெங்க நிக்குதோ அதை மட்டும் எழுது. என்ன கேட்டாங்க, எந்தப் பக்கத்துல பதில் இருந்துச்சு. அவ்வளவுதான்.” பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் சட்டம்: “ஒரு தடவ கேட்டா விட்டுடு. ரெண்டு தடவ கேட்டா தாள்ல ஏத்து.”

இதற்கு எதிரான வழியில்தான் உலகத்தில் பெரும்பாலான குறிப்புத் தாள்கள் தயாராகின்றன. புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு முக்கியமாகத் தோன்றுவதையெல்லாம் சுருக்கி எழுதுவது. நாங்கள் விலைக்கு வாங்கிய மடிப்பு அட்டை ஒன்றுகூட அப்படித்தான் இருந்தது. பார்க்க அழகு. ஆனால் எங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளில் பாதி அதில் இல்லை; அதிலிருந்த பாதியை எங்களில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. எந்தக் கேள்வி எழும் என்பது ஆடுகிற ஆட்களைப் பொறுத்தது. மல்லச்சி இருக்கிற குழுவுக்குப் பிடி விதி வேண்டும்; மந்திரவாதிகள் மட்டும் இருக்கிற குழுவுக்கு அது வெறும் இடத்தை அடைக்கும். ஆகவே தாள் மேசையிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நோட்டிலிருந்து முதலில் ஏறியது விழுதல். பத்தடிக்கு ஓர் ஆறுமுகக் காய், எத்தனை உயரமானாலும் இருபது காய்க்கு மேல் இல்லை. இதை வெறும் விதியாக எழுதினால் நினைவில் நிற்காது. அதனால் பக்கத்திலேயே ஊர் அளவு ஒன்றைப் போட்டேன். மலைக்கோட்டை 272 அடி. கணக்குப்படி இருபத்தேழு காய் உருட்ட வேண்டும். விதிப்படி இருபதோடு நிற்கும். சராசரியாக எழுபது உயிர்ப்புள்ளி போகும். எங்களில் யாருக்கும் அப்போது அது பதினைந்தைத் தாண்டவில்லை. உச்சிப் பிள்ளையார் கோயில் விளிம்பிலிருந்து குதிக்கலாமா என்ற கேள்வி அதற்கப்புறம் வரவே இல்லை.

கடினத்தின் அளவும் அப்படித்தான். புத்தகத்தில் 5, 10, 15, 20, 25, 30 என்று ஆறு படி: மிக எளிது என்பதிலிருந்து ஏறக்குறைய முடியாதது வரை. எது எந்தப் படி என்பதை டி.எம். நொடியில் முடிவு செய்ய வேண்டும். நான் எண்ணுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த காரியத்தை எழுதினேன். சித்திரையில் காவிரி மணலைக் கடக்க உருட்டவே வேண்டாம். வாய்க்காலைத் தாண்டிக் குதிக்க 10. ஆடிப்பெருக்குத் தண்ணீரில் நீந்தி அக்கரை சேர 20. மலைக்கோட்டையைப் படி வழியாக இல்லாமல் பாறைச் சரிவில் கைபற்றி ஏற 25. இந்த ஏணி வந்தபின் அண்ணன் எண் சொல்லத் தயங்கவில்லை. ஆடுகிறவர்களும் எதிர்த்துப் பேசவில்லை. எல்லோருக்கும் அந்தத் தண்ணீரையும் அந்தப் பாறையையும் தெரியும்.

நர்ஸ் அக்காதான் தாளின் அமைப்பை மாற்றியவர். நான் அச்சகப் பழக்கத்தில் தலைப்பு, கோடு, பார்டர் எல்லாம் போட்டு அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வார்டுல ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வர்றவ கேஸ் ஷீட்ல முதல்ல எதப் பாப்பா? அது மேல இருக்கும். அவசரத்துல யாரும் அகர வரிசையில தேட மாட்டாங்க தம்பி.” அன்றிலிருந்து அவசரம்தான் வரிசை. சண்டையில் வேண்டியது மேலே, இடப்பக்கம். வழிப்பயணம் நடுவில். கடைவீதி விலை, தங்கும் இடம் கடைசியில். அதையெல்லாம் நிதானமாகத் தேடலாம். பார்டரை எடுத்தேன். எழுத்து பதினான்கு பாயிண்டுக்குக் குறையக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். மாடியில் ஒரே டியூப்லைட், கரண்ட் போனால் எமர்ஜென்சி விளக்கு; அந்த வெளிச்சத்தில் பத்துப் பாயிண்ட் எழுத்தைப் படிக்கக் குனிகிறவன் கதையை விட்டு வெளியே போய்விடுகிறான்.

இந்த அளவுகளெல்லாம் அனுபவத்தில் வந்தவை. பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில்தான் லேமினேஷன் போடுவேன். ஸ்கேன் ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, ஆதார் நகல் என்று கவலை முகங்கள் வரிசையில் நிற்கும் கடை அது. கடைக்காரர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாழிகை, ராகுகாலம், எடை, தூரம் எல்லாம் கலந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, “பஞ்சாங்கம் போடுறீங்களா தம்பி?” என்று கேட்டார். “ஒரு விதத்துல அப்படித்தாண்ணே” என்றேன்.

லேமினேஷன் செய்த தாளில் ஒயிட்போர்டு மார்க்கரால் உயிர்ப்புள்ளியை எழுதி எழுதித் துடைக்கலாம். ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் மை பிடித்துக்கொள்ளும். அப்புறம் நர்ஸ் அக்கா கொண்டுவரும் ஸ்பிரிட் பஞ்சுதான் கதி. டியூப்லைட் நேர்மேலே இருந்தால் பிளாஸ்டிக் பளபளத்து எழுத்து மறையும். அதனால் ஆடுகிறவர் கையில் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் தாளுக்கு மட்டும் லேமினேஷன். அண்ணனுக்கு முன்னால் நிற்கும் தாள் கெட்டிப் பாண்டு பேப்பரில் வெறுமனே இருக்கும். சின்ன அட்டைகளுக்கு எங்கள் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் விழும் ஆர்ட் போர்டு வெட்டுமீதி. முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். முந்நூறு ஜி.எஸ்.எம். அட்டை, சீட்டுக்கட்டு அளவில் வெட்டினால் மாடிக்காற்றுக்குப் பறக்காது.

காய்களும் முதலில் அந்த அட்டையில்தான். ஆன்லைனில் ஆர்டர் செய்த பலமுகக் காய்கள் வந்துசேரத் தாமதமானது. ஒன்று முதல் இருபது வரை எழுதிய அட்டைத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். நான்கு முகக் காய்க்கு வீட்டுக்காரரின் பித்தளைத் தாயக்கட்டை ஒன்று. வெறும் பக்கம் விழுந்தால் நான்கு என்று கணக்கு. அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. 1979 வாக்கில் காய்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்த ஆட்டத்தின் தொடக்கப் பெட்டிக்குள் காய்க்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்தே விற்றார்கள். அண்ணன் அதைச் சொன்னபோது எங்கள் டப்பாவுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

கால அட்டை எனக்கு மிகவும் பிடித்தது. சோழர் காலத்தில் மணிக்கணக்குச் சொன்னால் கதை உடைகிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஆட்டத்தில் சண்டையின் ஒரு சுற்று ஆறு விநாடி. கணக்குப் போட்டால் ஒரு விநாழிகைக்குச் சரியாக நான்கு சுற்று. மிச்சமே இல்லாமல் அது பொருந்தியபோது, அச்சக மேசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தே விட்டேன். ஒரு மணி நேரச் சிறு ஓய்வு இரண்டரை நாழிகை. எட்டு மணி நேரப் பெரு ஓய்வு இருபது நாழிகை. ஒரு தீப்பந்தம் எரிவது இரண்டரை நாழிகை. ராகுகாலம் மூன்றே முக்கால் நாழிகை. அந்த நேரத்தில் தொடங்கும் காரியத்துக்கு இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும் என்பது அண்ணன் சேர்த்த விதி. திங்கள் காலை ஏழரை, சனி ஒன்பது, வெள்ளி பத்தரை என்று யாரும் அட்டையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் தினசரி காலண்டர் கிழித்து வளர்ந்தவர்களுக்கு அது மனப்பாடம். தெரிந்ததை அட்டையில் போடாதே என்று அண்ணன் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

தூர அட்டையில் இரண்டே வரி. சாதாரண நடை ஒரு நாளைக்கு 24 மைல், மெதுநடை 18. கிலோமீட்டரில் ஏறக்குறைய 39, 29. திருச்சியிலிருந்து தஞ்சை நேர்வழியில் 56 கிலோமீட்டர். வண்டியோடு மெதுவாகப் போனால் இரண்டு நாள். ஆனால் கதை காவிரிக் கரையோடு கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு என்று சுற்றிப் போகிறது; கூடுதல் நாள் பிடிக்கும். எந்த இரவு எந்த ஊரில் தங்குவது என்பதை வரைபடத்தில் விரல் வைத்தே முடிவு செய்ய முடிந்தது.

எங்கள் டி.எம். திரை இரண்டு பரீட்சை அட்டைகளைக் காலிகோ துணியால் கீல் போல ஒட்டிச் செய்தது. உட்பக்கம் அண்ணனுக்கான தாள், கிளிப்பில் மாட்டியபடி, வேண்டாதபோது மாற்றலாம். வெளிப்பக்கம் காவிரியும் கொள்ளிடமும் பிரியும் வரைபடம், எங்களுக்கு. இந்தத் திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் ஆட்டத்தை மூன்று சிறு புத்தகங்களாக, முதலில் ஆயிரம் பெட்டிகள் வெளியிட்டார்கள். விதிகள் அங்குமிங்கும் சிதறிக் கிடந்தன. 1976-இல் இலினாய் மாநிலத்து டிகேட்டரில் பாப் பிளெட்சாவும் பில் ஓவனும் ‘ஜட்ஜஸ் கில்ட்’ என்று ஒரு நிறுவனம் தொடங்கி, ஆடுகிறவர்களுக்கு வேண்டிய வரைபடம், அட்டவணைகளைத் தபாலில் அனுப்பினார்கள். அடுத்த வருடம் மடித்து நிறுத்தும் அட்டை ஒன்றைப் போட்டார்கள். ஆட்டத்தின் பதிப்பாளரான டி.எஸ்.ஆர். தன் பெயரில் திரை வெளியிட்டது 1979-இல்தான். ஆடுகிறவர்கள் தேவை கண்டு செய்தது முதலில் வந்தது. நிறுவனம் பின்னால் வந்தது.

பெயர்களுக்குத்தான் அண்ணன் மிகவும் தடுமாறுவார் என்று நினைத்திருந்தேன். போகிற வழியில் ஒரு குயவரிடம் பேச வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தக் குயவருக்கு அந்த நொடியில் பெயர் வேண்டும். “கந்தன்” என்று நான்காவது ஆளுக்கும் வைத்தால் உலகம் சுருங்கிப்போகும். அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பெரிய கோயிலின் நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து தஞ்சைக்கு அழைத்துவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பெயர் சொல்லி, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். பெண்டுகளுக்குப் பின் குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், சோதிடர் என்று கோயிலைச் சுற்றி வாழ்ந்த ஒரு நகரமே அதில் இருக்கிறது.

நாங்கள் ஆடிய கதையின் ஆண்டுக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சேரமங்கை, ஏகவீரி, எடுத்தபாதம். இந்தப் பெயர்களை யாரும் கற்பனை செய்துவிட முடியாது. ஒரு சாயங்காலம் முழுக்க நானும் அண்ணனும் உட்கார்ந்து அட்டைக்கு ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தொழில் என்று எழுதினோம். இவற்றோடு மூன்று விஷயங்கள் மட்டும் சேர்த்தோம்: அவருக்கு இப்போது என்ன வேண்டும், எதை மறைக்கிறார், பேசும்போது கை என்ன செய்யும். திருவையாற்றிலிருந்து கிளம்பி வழியில் எங்களோடு சேர்ந்த ஏகவீரி பேசும்போதெல்லாம் வளையலைக் கழற்றி மாட்டுவாள் என்று அட்டையில் இருந்தது. அண்ணன் கையில் வளையல் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மாட்டினார். அவ்வளவில் அவள் வந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன், தமிழ்வழி. கதை கேட்கையில் கண் விரியும். தன் முறை வந்தால், “நானும் அடிக்கிறேன்” என்பதற்கு மேல் எதுவும் வராது. புத்தகம் ஆங்கிலம், நாங்கள் பேசிக்கொண்ட சொற்களும் ஆங்கிலம். அவனுக்குத் தன்னால் என்னென்ன முடியும் என்பதே தெரியாது, கேட்கக் கூச்சம். அவனுடைய கேள்விகள் என் நோட்டில் ஏறவில்லை, ஏனென்றால் அவன் கேட்கவே இல்லை. இதைக் கவனித்தவரும் நர்ஸ் அக்காதான். “வாய் தொறக்காத பேஷண்ட்டுதான் ஆபத்து” என்றார்.

நிலைமை அட்டைகளையும் செயல் அட்டைகளையும் தமிழில் எழுதினேன். சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், மேசையில் எப்படிச் சொல்வோமோ அப்படி. ‘விழுந்து கிடப்பவர்’ அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: “எழுந்தால் பாதி நடை போகும். கிடந்தபடி அடித்தால் தாழ்வு. ஐந்தடிக்குள் நின்று இவரை அடிப்பவருக்கு உயர்வு. தள்ளி நின்று எய்பவருக்குத் தாழ்வு.” உயர்வு என்றால் இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடு, தாழ்வு என்றால் சிறியதை எடு. ‘உதவி’ அட்டையில்: “உன் முறையைக் கூட்டாளிக்குக் கொடு. அவருக்கு உயர்வு.” இப்படிப் பதினைந்து நிலைமை, பத்துச் செயல். அவன் அந்த அட்டைக் கட்டை வாங்கிப்போய்ப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த சண்டையில் குரல் வந்தது. “அக்கா, அவன் விழுந்து கிடக்கான். நீங்க பக்கத்துலதான் நிக்கிறீங்க, உங்களுக்கு உயர்வு. அண்ணே, வில்ல எடுக்காதீங்க, உங்களுக்குத் தாழ்வு. நான் என் முறைய அக்காவுக்கே குடுக்கறேன்.” ஹீபர் கல்லூரிப் பையன்கள் இருவரும் அவனையே பார்த்தார்கள். அண்ணன் புத்தகத்தைத் தொடவில்லை. அதற்குப் பிறகு சண்டைகளில் யார் என்ன செய்யலாம் என்ற கேள்வி வந்தால் எல்லோர் தலையும் அவன் பக்கம் திரும்பும்.

தஞ்சைக்கு அருகே வண்டியின் அச்சு முறிந்தது. பின்னால் துரத்திக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? நான் எடை அட்டையில் ஒரு பலத்தை 35 கிராம் என்று வைத்துப் போட்டிருந்தேன். 3,083 பலம் என்றால் 108 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆட்ட விதிப்படி ஒருவர் சுமந்துபோகக்கூடியது வலிமை எண்ணைப் பதினைந்தால் பெருக்கினால் வரும் பவுண்டு. மல்லச்சியின் வலிமை 16. 240 பவுண்டு, அதாவது 108 கிலோ 860 கிராம். கல்வெட்டின் எடையும் அமெரிக்க ஆட்டத்தின் விதியும் ஒரு கிலோ இடைவெளியில் வந்து நிற்கின்றன. இதை யாரும் திட்டமிடவில்லை. பையன் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் கணக்குப் போட்டான். “அக்கா, நீங்க தூக்கலாம். ஆனா கத்தி, கேடயம், கவசம் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாத்தயும் கழட்டி எங்கிட்ட குடுங்க.” துரத்தி வருகிறவர்கள் முன்னால் ஆயுதமில்லாமல், வெற்று உடம்போடு, குடத்தைத் தோளில் ஏற்றி அவர் ஓட வேண்டும். மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அக்கா, “சரிடா, புடி” என்று கவசத்தைக் கழற்றிக் கொடுப்பதுபோலக் கையை நீட்டினார். குடம் தஞ்சை போய்ச் சேர்ந்தது.

அந்தக் குழு பிற்பாடு வேலை, படிப்பு என்று பிரிந்தது. தாளிலிருந்து வரிகளை எடுக்கிற வேலையும் முக்கியம் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தொடர்ந்து சில வாரம் யாரும் பார்க்காத வரியை அண்ணன் சிவப்பு மையால் அடித்துவிடுவார்; நான் அடுத்த பிரிண்ட்டில் நீக்கிவிடுவேன். முடிவில் டி.எம். தாள் ஒரே பக்கமாக நின்றது, அதிலும் கால்வாசி காலியாக. அந்தக் காலி இடத்தில் அன்றன்றைய ஊர்ப் பெயரையும் ஆட்களின் உயிர்ப்புள்ளியையும் பென்சிலால் எழுதிக்கொள்வார்.

நாங்கள் அப்போது எங்களுக்குள் வைத்துக்கொண்டதை இன்று வெளிப்படையாகவே செய்யலாம். 2023 ஜனவரியில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. சுமார் 400 பக்கம். மூலத்தை முறையாகக் குறிப்பிட்டால் போதும். அதைத் தமிழில் எழுதலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். 2022-இல் அந்த நிறுவனமே வெளியிட்ட ஒரு தொகுப்பில் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் வங்க மண்ணை வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறார். நம் பக்கம் கல்லணையும் கொடும்பாளூரும் காத்திருக்கின்றன.

நானூறு பக்கத்தையும் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். மதுரையிலோ கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ நீங்கள் ஒரு குழுவோடு ஆடுகிறீர்கள் என்றால், ஒரு நோட்டு வையுங்கள். இரண்டு தடவை கேட்ட கேள்விகளை மட்டும் எடுத்து ஒரு பக்கத்தில், பதினான்கு பாயிண்டில், உங்கள் ஊர்த் தமிழில் எழுதுங்கள். உங்கள் மேசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் யாரோ, முதல் பிரதியை அவரிடம் கொடுங்கள்.